டங்... டங்...

எங்கள் திருநெல்வேலி டவுணில் நான்கு கார் ஸ்ட்ரீட் உண்டு. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ஈஸ்ட், வெஸ்ட், நார்த், சவுத் என்று திசைக்கு ஒன்று. முதல்முறை ஊருக்கு வருகிறவர்கள், 'அட, அந்தக் காலத்துலேயே உங்க ஊர்ல இவ்வளவு கார் ஓடிச்சா?' என்று கேட்பார்கள். கார் என்றால் தேர் சாமி, தேர்! ரத வீதிகளுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. வருஷத்தில் ஒருநாள், ஆனி மாதத்தில், தேர் அந்த நாலு வீதியையும் சுற்றி நிலைக்கு வரும். மற்ற நாட்களில் ஆட்டோவும் பைக்கும் அல்வா வாங்க வந்த கூட்டமும் சுற்றும்.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன், நிஜக் காரோடு. 1997 மாடல் மாருதி 800. வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. நீங்கள் பார்த்தால் சொல்ல மாட்டீர்கள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆன அப்பா, பி.எஃப். பணத்தில் வாங்கியது. 2011-ல் அப்பா போய்விட்டார். கார் இருக்கிறது.

ஒருநாள் சாயங்காலம் கீழ ரத வீதியில் வந்துகொண்டிருந்தேன். இருட்டுக்கடை வாசலில் வழக்கம்போல வரிசை. வண்டி ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். கோயில் மணியை யாரோ தரையில் வைத்துத் தட்டியது மாதிரி. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து, யார் வண்டியோ என்பது மாதிரி திரும்பிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஸ்பீட் பிரேக்கருக்கு ஒரு டங். பள்ளத்துக்கு ஒரு டங். ரிவர்ஸ் எடுத்தால் இரண்டு டங். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். நீங்களும் இதைச் செய்திருப்பீர்கள். காரில் இல்லாவிட்டால் வாஷிங் மெஷினில், அதுவும் இல்லாவிட்டால் உங்கள் முழங்காலில்! சத்தம் வந்தால் சரி செய்வதற்குப் பதிலாக, சத்தம் கேட்காத மாதிரி நடந்துகொள்வது நமக்கெல்லாம் கைவந்த கலை.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் குனிந்து பார்த்தேன். சைலன்சர் ஒரு பக்கம் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர் வளையம் அறுந்துபோயிருந்தது. பூ! இவ்வளவுதானா? வீட்டில் கொடி கட்ட வாங்கிய இரும்புக் கம்பி மிச்சம் இருந்தது. படுத்துக்கொண்டு, கையை நீட்டி, சைலன்சரை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முறுக்கிவிட்டேன். டங் நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. மனைவியைக் கூப்பிட்டு வண்டியை ஆட்டிக் காட்டினேன். "ஏங்க, நெசமாவே சரியாயிட்டா?" என்றாள். "மெக்கானிக்குன்னா ஐந்நூறு ரூபா வாங்கியிருப்பான்" என்றேன்.

இந்த இடத்தில் அந்தக் கம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஆடி அமாவாசைக்கு அம்மாவைப் பாபநாசத்துக்குக் கூட்டிப் போனேன். அப்பாவுக்குத் தர்ப்பணம். டவுணிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று தாமிரபரணியோடேயே போகிற பாதை. ஆடிக் காற்றைத்தான் உங்களுக்குத் தெரியுமே! அம்மாவுக்குக் காதில் காற்று பட்டால் ஆகாது. அதனால் பின்சீட்டில் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டாள். பக்கத்தில் என் மகள். என் பக்கத்துக் கண்ணாடி மட்டும் பாதி இறங்கியிருந்தது.

சேரன்மகாதேவி தாண்டும்போது அம்மா சொன்னாள். "எய்யா, மண்டை இடிக்குடா."

"காலைல காப்பி குடிக்கல்லா? அதாம்மா" என்றேன். அமாவாசை விரதம். தர்ப்பணம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்தான்.

வீரவநல்லூரில் நிறுத்தினேன். இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் முகம் தெளிந்துவிட்டது. "இப்பம் பரவால்ல, போவோம்" என்றாள். ஏறினோம். அம்பாசமுத்திரம் வருவதற்குள் மறுபடி தலைவலி. குமட்டல் வேறு. மகள் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தாள். ராத்திரி செல்போன் பார்த்தால் இப்படித்தான் என்று அவளுக்கும் ஒரு அர்ச்சனை செய்தேன். திரும்பி வரும்போது அம்மா காப்பி குடித்திருந்தாள், சாப்பிட்டிருந்தாள். அப்போதும் தலைவலி. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், ஒரு தலைவலிக்கு எத்தனை காரணம் என்னிடம் கைவசம் இருந்தது!

நாங்கள் குடியிருப்பது டவுணில் ஒரு வளவில். வளவு என்றால் தெரியும்தானே, ஒரு வாசலுக்குள் எதிரும் புதிருமாக ஏழெட்டு வீடுகள். எங்கள் வளவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். நாற்பது வருஷம் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் கீழே படுத்துக் கிடந்தவர். இப்போது இடுப்பு வலியால் தார்சாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் காலையில் நான் வண்டியை ஸ்டார்ட் செய்தபோது, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"தம்பி, சைலன்சரைக் கம்பி வச்சுக் கட்டினது யாரு?"

உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படித் தெரிந்தது? "ஏன் அண்ணாச்சி, நான்தான் கட்டினேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"பாடி பூரா அதிருதுல்லா? அதான் கேட்டேன். முன்னால 'புஸ் புஸ்'னு வேற கேக்கு. ஜாயிண்டு விட்டிருக்கும்." பேப்பரை மடித்தார். "நேத்து அம்மையைப் பாவநாசம் கூட்டிட்டுப் போனீருல்லா? பின்னால உக்காந்தவங்களுக்குத் தலை கிலை வலிச்சுதாவே?"

அந்தக் கேள்வி என் அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. வலித்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாமல் நிற்பதைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மொதல்ல எஞ்சினை ஆஃப் பண்ணும்" என்றார்.

பிறகு அவர் சொன்னதையும், நான் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

எஞ்சினில் பெட்ரோல் எரிந்து வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. புகை நாற்றம் என்று நாம் முகத்தைச் சுளிப்பதெல்லாம் அதன் கூட்டாளிகளை. அசல் ஆசாமி சத்தம் காட்டாமல் வருவான். நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து போகிற ஹீமோகுளோபின் இருக்கிறதே, அதற்கு இந்த வாயுவின் மேல் அப்படியொரு பாசம். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலாக இதை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டே இருப்போம், ஆனால் மூளைக்குப் போக வேண்டியது போகாது. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டவர்கள் உண்டு.

என் வண்டி வேறு பழசு. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், 1995-ல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கு ஊர்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குத்தான் முதலில் கட்டாயமானது. எங்கள் ஊரில் வாங்கிய இந்தக் காரில் அது இல்லை. எஞ்சினிலிருந்து வருவது அப்படியே வெளியே வரும். ஒழுங்காகப் பின்னால் வெளியேறினால் காற்றோடு கலந்துவிடும். நடுவில் ஜாயிண்ட் விட்டால் காருக்கு அடியிலேயே தேங்கும். தளத்தில் இருக்கிற ஓட்டைகளுக்கான ரப்பர் அடைப்பான்களில் இரண்டு என் வண்டியில் எப்போதோ விழுந்துவிட்டன. டிக்கியைச் சுற்றிய பீடிங் ரப்பர் பிய்ந்திருந்தது. வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். பின்னால் போகிற புகையே சுழன்று திரும்பி டிக்கி வழியாக உள்ளே வரப் பார்க்கும். இத்தனை வாசலைத் திறந்து வைத்துவிட்டு, ஜன்னலை மட்டும் மூடி அம்மாவை உட்கார வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குள் ஓடினேன். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைத் தேடி எடுத்து அம்மா விரலில் மாட்டினேன். 98. அப்பாடா என்றிருந்தது. இருந்தாலும் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் ஆக்சிமீட்டர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சாதாரணக் கருவிக்கு ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது பிராணவாயுவா, கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதாம். விஷம் ஏறியிருந்தாலும் 98 என்றுதான் காட்டுமாம். நல்ல காற்றில் இருந்தால் நாலைந்து மணி நேரத்தில் உடம்பிலிருந்து பாதி இறங்கிவிடும், ஒரு ராத்திரி தாண்டிவிட்டது, பயமில்லை என்று சோதித்துப் பார்த்துச் சொன்னார். "கார்ல ஏறினா தலை வலிக்கி, இறங்கினா சரியாகுதுன்னா காரைத்தான் மொதல்ல பாக்கணும்" என்றார். வீரவநல்லூர் வேப்பமரம் அதைத்தான் சொன்னது. எனக்குத்தான் கேட்கவில்லை.

அண்ணாச்சியிடம் திரும்பி வந்தேன். "ஒரு ரப்பர் அறுந்ததுக்கு இவ்வளவா அண்ணாச்சி?"

"ரப்பர் அறுந்ததால இல்ல தம்பி. நீரு கம்பி போட்டுக் கட்டினதால."

அதற்கும் விளக்கம் உண்டு. எஞ்சின் காரோடு இறுக்கமாக முடுக்கப்பட்டதல்ல. அது ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கும். மாருதி 800-ல் 796 சி.சி.யில் மூன்றே சிலிண்டர். நாலு சிலிண்டர் எஞ்சினைவிட இதற்கு ஆட்டம் ஜாஸ்தி. எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்திருப்பதால் ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்னும் பின்னுமாக அசையும். அதோடு பிணைந்த புகைக்குழாயும் அசைய வேண்டும். போதாததற்கு, குழாய் சூடேறினால் நீளும், ஆறினால் சுருங்கும். அதனால்தான் அதை எங்கேயும் இறுக்கிக் கட்டாமல் ரப்பர் வளையங்களில் தொங்க விட்டிருக்கிறார்கள். ஊஞ்சல் மாதிரி. நான் ஊஞ்சலின் ஒரு பக்கத்தைக் கம்பியால் கட்டிவிட்டேன். பின்பக்கம் அசைய முடியவில்லை. அசைவு எல்லாம் போய் முன்பக்க ஜாயிண்டில் விழுந்தது. இரண்டு மாதத்தில் அது விரிந்துவிட்டது.

"தொங்கணும், ஆடணும், ஆனா விழக்கூடாது. அதுக்குத்தான் ரப்பர்" என்றார் அண்ணாச்சி.

"அப்ப பட்டறைல விட்டு ஜாயிண்டைப் பத்த வச்சிருவோமா?"

"அவசரப்படாதேயும். குழாய் இப்பம் கோணலா இழுத்துக்கிட்டு நிக்கி. இந்த நெலமைல பத்த வச்சா கோணல்தான் நிலைக்கும். நாளைக்கே திரும்ப விட்டுரும். மொதல்ல ரப்பரை மாத்தி, அது தொங்க வேண்டிய எடத்துல தொங்கட்டும். அப்பறம் பட்டறைக்கு எடுத்துட்டுப் போவும். ரப்பரை நீரே மாத்தும். நான் சொல்லுதேன்."

ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். மாருதி 800 கடைசியாக 2014 ஜனவரியில் தயாரானது. அதே வருஷம் மே மாதத்தில் அம்பாசடரும் நின்றது. ஆனால் 1983 டிசம்பரில் முதல் மாருதி சாவி கைமாறியதிலிருந்து 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி ஆயிற்றே, சாமான் கிடைப்பதில் கஷ்டமில்லை. கடைக்காரர் இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்று விலை குறைவு. கையில் எடுத்தால் பள்ளிக்கூடப் பையன் அழிரப்பர் மாதிரி இருந்தது. இன்னொன்று கம்பெனி சாமான். அண்ணாச்சி சொல்லி அனுப்பியபடி இரண்டையும் மடக்கிப் பார்த்தேன். முதலாவதில் மடக்கிய இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியது. இரண்டாவது மடங்கி, விட்டதும் பழையபடி வந்தது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் ரெண்டு காப்பிக் காசு. அந்த ரெண்டு காப்பியை மிச்சம் பிடிக்கத்தான் நான் கொடிக்கம்பி கட்டினேன்!

வண்டிக்கு உள்ள எல்லா ரப்பரையும் ஒரு செட்டாக வாங்கினேன். ஒன்று அறுந்தால் மற்றவையும் அதே வயசுதான், வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து டூல்ஸ் தேடியபோது, பரணில் அப்பாவின் பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே ஃபியூஸ், பல்பு, ஒரு ஃபேன் பெல்ட், அப்புறம் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். மேலே அப்பாவின் குண்டு குண்டான வாத்தியார் கையெழுத்து. 'சைலன்சர் ரப்பர் - 2. வாங்கியது 12.3.2003.'

பிரித்தேன். இரண்டு வளையங்கள். ஒருநாள்கூட வண்டியில் மாட்டாதவை. எடுத்து மெதுவாக மடக்கினேன். 'டக்' என்று பிஸ்கட் மாதிரி உடைந்தது.

அண்ணாச்சியிடம் காட்டினேன். "உபயோகிக்காம வச்சாலும் ரப்பருக்கு வயசாகும் தம்பி" என்றார்.

ரப்பர் என்பது மரத்துப் பால். நமக்குப் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்து மலையில் எஸ்டேட் எஸ்டேட்டாக இருக்கிறது. நாகர்கோவிலில் 1984 முதல் அரசு ரப்பர் கழகமே இயங்குகிறது. ஆனால் அந்த மரம் நம்முடையதல்ல. பிரேசிலிலிருந்து 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கே முளைத்த கன்றுகள் கடல் தாண்டி நம் பக்கத்துக்கு வந்தன. வெறும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்ற மனிதர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இழுத்தாலும் பழைய நிலைக்கு வரும் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்து என்ன, 1860-ல் கடனாளியாகத்தான் செத்தார். அவர் பெயரில் உள்ள டயர் கம்பெனி 1898-ல் வேறு யாரோ ஆரம்பித்தது. அவருக்கு அதில் காலணா சம்பந்தம் கிடையாது.

ரப்பருக்குள் நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். கந்தகம் அவற்றைக் குறுக்கே கைகோத்து நிறுத்துகிறது. சூடும், காற்றிலுள்ள ஓசோனும், எண்ணெயும் அந்தச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். ரப்பர் விறைக்கும், வெடிக்கும், ஒருநாள் அறும். மேஜை டிராயரில் பழைய ரப்பர் பேண்டை எடுத்து இழுத்துப் பாருங்கள், தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வளவுக்கு நடுவில் சமதளமான கல் பாவிய இடம். அண்ணாச்சி நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு உட்கார்ந்துகொண்டார். வளவுப் பிள்ளைகள் எல்லோரும் வேடிக்கை பார்க்கத் திண்ணையில்.

முதல் விதி, வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஓடி வந்த வண்டியின் சைலன்சரில் கை வைத்தால் தோல் அதில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. அண்ணாச்சி கட்டையை வைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, "தேருக்குச் சறுக்குக்கட்டை போடுதவன் இப்படிப் போட்டா, சாமி இந்நேரம் அல்வாக் கடைக்குள்ள நிக்கும்" என்றார். அவ்வளவு பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் கொடுக்கிற அந்த மரக்கட்டைகள்தானே! சக்கரத்தோடு இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்தேன்.

ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினேன். இங்கேதான் அண்ணாச்சி குரலை உயர்த்தினார். "ஜாக்கியை நம்பி அடில தலையைக் குடுக்காதேயும்! அது தூக்கத்தான், தாங்க இல்ல." டிக்கியில் வருகிற ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அடியில் படுக்க வேண்டுமென்றால் இரும்பு ஸ்டாண்ட் இரண்டு பக்கமும் கொடுத்தே ஆக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும், கூடவே கூடாது. பட்டறையில் வாடகைக்கு வாங்கிய ஸ்டாண்டுகளைப் பாடியின் கனமான இடத்தில் கொடுத்தேன். ஸ்டெப்னி டயரையும் பக்கவாட்டில் அடியில் தள்ளி வைத்தேன், இரண்டாவது காவலுக்கு. அப்புறம் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே போனேன். துரு கண்ணில் விழுந்தால் அப்புறம் டாக்டர் செலவு.

சைலன்சருக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துத் தாங்கினேன். தாங்காமல் ரப்பரைக் கழற்றினால் மொத்தக் கனமும் விரிந்த ஜாயிண்டில் இறங்கும். பிறகு கட்டிங் பிளேயரால் என் கம்பியைத் துண்டித்தேன். 'ணங்' என்று குழாய் ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. எவ்வளவு இழுத்துக் கட்டியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பழைய ரப்பர்களை ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதுசை மாட்டி, அப்புறம் அடுத்தது. விறைத்துப்போனவை கொக்கியை விட்டு வர மறுத்தன. கத்தியால் அறுத்தேன். புதுசு எளிதில் ஏறவில்லை. கிரீஸ் தடவலாமா என்று கேட்டேன். "ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊதிப்போவும். சோப்புத் தண்ணி போதும்" என்றார். மனைவி டம்ளரில் கொண்டுவந்து தந்தாள். முக்கி, கொக்கியின் நுனியில் வைத்து, திருகித் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அந்த ஒரு நொடி இருக்கிறதே, பரம சுகம்!

கடைசியில் குழாய் எங்கேயாவது பாடியை உரசுகிறதா என்று சுற்றிலும் விரல் விட்டுப் பார்த்தேன். கையால் ஆட்டினேன். ஊஞ்சல் மாதிரி ஆடி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஒன்றரை மணி நேர வேலை. தெரிந்தவருக்கு இருபது நிமிஷம்.

மறுநாள், கண்ணாடி நாலையும் இறக்கிவிட்டு, யாரையும் ஏற்றாமல், தனியாகப் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஜாயிண்டைப் பற்ற வைத்தார்கள். புது கேஸ்கட் போட்டார்கள். எஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாய் வாயைத் துணியால் ஒரு நொடி அடைத்து, வேறு எங்கேயாவது 'புஸ்' கேட்கிறதா என்று பார்த்தார்கள். கேட்கவில்லை. தளத்து ஓட்டைகளுக்கு அடைப்பானும் டிக்கிக்குப் புது பீடிங்கும் போட்டேன்.

சாயங்காலம் அண்ணாச்சியிடம் காசு கொடுக்கப் போனேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் திரும்பத் திரும்ப அறுந்து ஊரே கலங்கிப்போய் நின்றது ஞாபகம் இருக்கிறதா? அதைச் சொன்னார். "தேருக்கு வடமும் சரி, காருக்கு ரப்பரும் சரி. அறுந்தாத்தான் அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே நமக்குத் தெரியும்."

நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் வண்டியில் 'டங்' கேட்டால் ரேடியோவைக் கூட்டாதீர்கள். பின்சீட்டில் யாராவது தலை வலிக்கிறது என்றால், காப்பி குடிக்கவில்லை என்று காரணம் சொல்லாதீர்கள். கண்ணாடியை இறக்குங்கள், வண்டியை நிறுத்துங்கள், அவர்களைக் கீழே இறக்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்த வாரம் அம்மாவைக் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வாகையடி முக்கு தாண்டி ஸ்பீட் பிரேக்கர் வந்தது. வண்டி ஏறி இறங்கியது. சத்தமே இல்லை.

பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டாள். "ஏல, சத்தத்தையே காணும். வண்டி ஓடுதா, நிக்கா?"

"ஓடுதும்மா."

"அப்பா ஓட்டும்போது இப்படித்தான் இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

உடைந்த அந்த இரண்டு வளையங்களும் பிஸ்கட் டின்னிலேயே இருக்கின்றன. பக்கத்தில் புதிதாக இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். செய்தித்தாளில் சுற்றி, மேலே தேதி எழுதி.